விமான நிறுவனத்தில் வி.ஆர்.எஸ். கடிதம் வந்திருக்கிறது: கையெழுத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி சுருக்கமாக இது. உங்கள் அண்ணனுக்கு 47 வயது. சென்னை விமான நிலையத்தில் ஒரு தனியார் விமான நிறுவனத்தின் பயணிகள் சேவைப் பிரிவில் நிரந்தர ஊழியர். மார்ச் மாதத்தில் சர்வீஸ் 21 வருடம் 5 மாதம் ஆகிறது. பேசிக் (அடிப்படைச் சம்பளம்), டி.ஏ. (அகவிலைப்படி) சேர்ந்து 42,000 ரூபாய், மொத்தச் சம்பளம் 60,000. ஓய்வு வயது 58. மார்ச் 31 அன்று விடுவிப்பதாக வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வுத் திட்டம்) கடிதம் வந்திருக்கிறது, “மொத்தப் பலன் 37.91 லட்சம்” என்று போட்டிருக்கிறார்கள். வேலையில் தொடர்பவர்களுக்கு 8 சதவீத உயர்வு என்று சர்க்குலரும் வந்துவிட்டது. இதே நேரத்தில் கூட வேலை செய்பவர்கள் சங்கம் தொடங்கக் கையெழுத்து வாங்குகிறார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு வரலாமா, இருப்பதா, சங்கத்தில் சேர்வதா?

மூன்றையும் பிரித்துப் பார்க்க ஒரே வழிதான் இருக்கிறது. ஒவ்வொரு ரூபாயையும் எடுத்து, இதைக் கொடுப்பது சட்டமா, ஒப்பந்தமா, நிர்வாகத்தின் சர்க்குலரா என்று கேளுங்கள். சட்டம் கொடுப்பதை யாரும் எடுக்க முடியாது. ஒப்பந்தம் கொடுப்பதை எடுக்க வேண்டுமானால் எதிரில் உட்கார்ந்து பேசியாக வேண்டும். சர்க்குலர் கொடுத்ததை எடுக்க இன்னொரு சர்க்குலரை அனுப்பிப் பார்ப்பார்கள்.

இப்போது அந்த 37.91 லட்சத்தைப் பிரிப்போம். நீங்கள் அனுப்பிய இணைப்பில் நான்கு வரிகள் இருக்கின்றன: பி.எஃப். இருப்பு 17 லட்சம், கிராஜுட்டி (பணிக்கொடை) 5.09 லட்சம், 120 நாள் விடுப்புக்கு 1.68 லட்சம், கருணைத்தொகை 14.14 லட்சம். பி.எஃப். ஏற்கெனவே அண்ணனின் பணம். கிராஜுட்டி சட்டப்படி வருவது. விடுப்புப் பணமும் அவர் நாளை ராஜினாமா எழுதிக்கொடுத்தாலே கம்பெனி விதிப்படி பெரும்பாலும் கிடைக்கும். வி.ஆர்.எஸ். எடுப்பதால் புதிதாக வருவது கடைசி வரியின் 14.14 லட்சம் மட்டும். மொத்தச் சம்பளத்தை வைத்துப் பார்த்தால் அது 24 மாதச் சம்பளம்கூட இல்லை. அவருக்கு மீதமிருப்பதோ 132 மாதம்.

அந்த 14.14 லட்சம் எப்படி வந்தது? பொதுத்துறையில் “குஜராத் முறை” என்று சொல்லும் சூத்திரத்தையே எடுத்திருக்கிறார்கள்: முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 35 நாள் சம்பளம், மீதமிருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 25 நாள் சம்பளம். 21 × 35 = 735 நாள், 11 × 25 = 275 நாள், ஆக 1,010 நாள். கவனிக்க வேண்டியது ஒரு நாள் சம்பளத்தை எதால் வகுத்தார்கள் என்பதை. 42,000-ஐ 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 1,400, மொத்தம் 14,14,000. கிராஜுட்டிக்குச் சட்டம் வைத்திருக்கும் 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 1,615 ரூபாய் 38 காசு; மொத்தம் 16,31,538. ஒரு எண் மாறியதில் 2,17,538 ரூபாய் போகிறது. கடிதத்தில் “35 நாள் சம்பளம்” என்று மட்டும் இருந்து வகுக்கும் எண் சொல்லப்படவில்லை என்றால், அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேரம் பேச இடமிருக்கும் முதல் விஷயம் இது.

அடுத்தது தேதி. கிராஜுட்டியில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு வருடமாகக் கணக்கிடப்படும். மார்ச் 31-ல் அண்ணனுக்கு 21 வருடம் 5 மாதம். அதனால் 21 வருடத்துக்குத்தான் பணம். 42,000 × 15 ÷ 26 × 21 = 5,08,846. ஏப்ரல் கடைசி வரை இருந்தால் ஆறு மாதம் தாண்டிவிடும், 22 வருடம் ஆகிவிடும், 5,33,077 வரும். ஒரு மாதச் சம்பளம் தவிர 24,231 ரூபாய் கூடுதல்.

அதைவிடப் பெரியது வரி. கருணைத்தொகையில் 5 லட்சத்துக்கு வரி கிடையாது. 1961-ம் வருட வருமான வரிச் சட்டத்தில் இது 10(10சி) பிரிவு. ஆயுளில் ஒரே ஒரு முறைதான் இந்தச் சலுகை. மீதித் தொகை அந்த நிதியாண்டின் சம்பளத்தோடு சேர்ந்துவிடும். 26-ஆல் வகுத்த தொகையையே எடுத்துக்கொள்வோம். மார்ச்சில் விடுவித்தால் அந்த வருடச் சம்பளம் 7.2 லட்சமும் வரிக்குட்பட்ட கருணைத்தொகை 11.31 லட்சமும் சேர்ந்து, நிலையான கழிவு 75,000 போக, சுமார் 17.76 லட்சம் ஆகிறது. 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி செஸ் சேர்த்து 1.61 லட்சம் வரி. ஏப்ரல் கடைசியில் விடுவித்து, பணத்தையும் அப்போதே கொடுத்தால், புதிய நிதியாண்டில் ஒரு மாதச் சம்பளமும் இந்தத் தொகையும் மட்டுமே வருமானம். அது 12 லட்சத்துக்குள் அடங்குகிறது, அதே விகிதத்தில் வரி பூஜ்யம். அந்த வருடம் அவர் வேறு வேலையில் சேர்ந்தால் அந்தச் சம்பளமும் சேரும், கணக்கு மாறும். என்றாலும் “விடுவிப்புத் தேதியை ஏப்ரல் 30-க்கு மாற்றித் தாருங்கள்” என்று ஒரு பக்கக் கடிதம் எழுதுவதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை.

வரிச் சலுகைக்கு நிபந்தனைகள் உண்டு. காலியாகும் இடத்தை நிரப்பக்கூடாது. ஓய்வு பெற்றவர் அதே நிர்வாகத்தைச் சேர்ந்த வேறு நிறுவனத்தில் வேலைக்குச் சேரக்கூடாது. விமானத் துறையில் இது அடிக்கடி காலை வாரும். ஒரே குழுமத்தில் விமான நிறுவனம் ஒன்று, குறைந்த கட்டண நிறுவனம் ஒன்று, தரைப்பணி நிறுவனம் ஒன்று என்று இருக்கும். “வி.ஆர்.எஸ். எடுங்கள், பக்கத்துக் கம்பெனியில் கான்ட்ராக்டில் போட்டுத் தருகிறோம்” என்று மேலாளர் வாய்மொழியாகச் சொல்வார். அதை நம்பிச் சேர்ந்தால் 5 லட்சத்துக்கான விலக்கு போய்விடலாம்.

கடிதத்தில் எழுதாதவை மூன்று. முதலில் மருத்துவம். குழுக் காப்பீடு விடுவிப்பு நாளோடு நிற்கும். 47 வயதில் சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்து தனிப்பட்ட பாலிசி புதிதாக எடுத்தால், முன்பே இருந்த நோய்களுக்கு 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் வைப்பார்கள். அதனால் வேலையில் இருக்கும்போதே அதே காப்பீட்டு நிறுவனத்திடம் குழுப் பாலிசியிலிருந்து தனிப் பாலிசிக்கு மாறுவதைப் பற்றி விண்ணப்பிக்க வேண்டும். காத்திருந்த வருடங்கள் கணக்கில் தொடரும். இதைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள்.

இரண்டாவது ஓய்வூதியம். பத்து வருடத்துக்கு மேல் சர்வீஸ் இருப்பதால் இ.பி.எஸ். (பி.எஃப்.போடு சேர்ந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டம்) பணத்தை மொத்தமாக எடுக்க முடியாது; திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு 58 வயதில் ஓய்வூதியம் பெற வேண்டும். எவ்வளவு? 2014 செப்டம்பர் வரையிலான சர்வீஸுக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பு 6,500, அதற்குப் பிறகு 15,000; சர்வீஸால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 4,000 ரூபாய்க்குள்தான் வரும். 50 வயதிலேயே வாங்கலாம், ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் நிரந்தரமாகக் குறையும். இந்த ஓய்வூதியத்தை நம்பி வேலையை விடக்கூடாது. பி.எஃப். இருப்பை உடனே எடுக்கத் தேவையில்லை. வட்டி தொடரும், ஆனால் வேலையை விட்ட பிறகு வரும் வட்டிக்கு வரி உண்டு.

மூன்றாவது இலவச டிக்கெட் பாஸ். வருடத்துக்கு எத்தனை, குடும்பத்தில் யார் யாருக்கு, எத்தனை வருடம் என்று விடுவிப்புக் கடிதத்திலேயே எழுதியிருந்தால் மட்டும் அதற்கு மதிப்பு. “நடப்பு விதிகளுக்கு உட்பட்டு” என்ற சொற்றொடர் பக்கத்தில் இருந்தால், மதிப்பு பூஜ்யம் என்றே கணக்கில் வையுங்கள்.

தவணைப் பிரச்சினையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். கருணைத்தொகையை 24 மாதத் தவணையில் தருவதாகக் கடிதத்தில் இருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல் கடைசி விமானத்தை இயக்கியது. ஜெட் ஊழியர்களின் பி.எஃப்., கிராஜுட்டி பாக்கியை முழுதாகக் கொடுக்க வேண்டும் என்று நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022-ல் சொன்னது, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. அதற்குப் பிறகு 2024 நவம்பரில் நிறுவனமே கலைப்புக்குப் போனது. திவால் சட்டத்தில் பி.எஃப்., கிராஜுட்டி, ஓய்வூதிய நிதிகளைக் கலைப்புச் சொத்தில் சேர்ப்பதில்லை. கருணைத்தொகைத் தவணைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வரிசையில்தான் நிற்க வேண்டும். எனவே விடுவிப்பு நாளன்று ஒரே தொகையாக வங்கிக் கணக்கில். கூடவே, கிராஜுட்டிக்காகக் கம்பெனி எல்.ஐ.சி. போன்ற இடத்தில் நிதி கட்டி வருகிறதா, அல்லது கணக்குப் புத்தகத்தில் ஒதுக்கி மட்டும் வைத்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

எழுத்தில் இருப்பது எப்படிக் காப்பாற்றுகிறது என்பதற்கு ஏர் இந்தியாவைப் பாருங்கள். 2022 ஜனவரி 27-ல் டாடா குழுமத்திடம் போனபோது, முதல் வருடம் ஆட்குறைப்பு கிடையாது, அதற்குப் பிறகு குறைப்பதானால் வி.ஆர்.எஸ். கொடுத்தாக வேண்டும் என்பது விற்பனை நிபந்தனைகளிலேயே இருந்தது. பி.எஃப். பழைய 1925-ம் வருடச் சட்டத்தின் கீழ் 10 சதவீதமாக இருந்தது, மத்திய அரசின் வருங்கால வைப்பு நிதி அமைப்பான இ.பி.எஃப்.ஓ.வுக்கு மாறியதும் 12 சதவீதமானது. அங்கே முதல் வி.ஆர்.எஸ். 2022 ஜூனில் வந்தது: 55 வயதும் 20 வருட சர்வீஸும் வேண்டும், கேபின் குழு, எழுத்தர், திறன்சாராப் பணியாளர் என்றால் 40 வயதிலேயே தகுதி. ஜூன் மாதத்துக்குள் விண்ணப்பித்தவர்களுக்குக் கூடுதல் ஊக்கத்தொகை. 2023 மார்ச்சில் வந்த இரண்டாவது திட்டத்தில் 40 வயது, ஐந்து வருட சர்வீஸ் போதும் என்று வட்டத்தைப் பெரிதாக்கினார்கள். “இதுதான் கடைசி வாய்ப்பு” என்று யாராவது அவசரப்படுத்தினால் இதை நினைவில் வையுங்கள்.

என் கருத்தைக் கேட்டால்: உடனடியாகச் சேர வேறு வேலை உறுதியாக இல்லை, வீட்டுக்கடன் ஓடுகிறது என்றால் 24 மாதச் சம்பளத்துக்காக 47 வயதில் நிரந்தர வேலையை விடக்கூடாது. அண்ணனின் பிரிவையே வெளி ஒப்பந்தத்துக்கு விடும் முடிவு நிர்வாகம் எடுத்துவிட்டது என்றால் நிலைமை வேறு. ஆட்குறைப்பு இழப்பீடு சட்டப்படி வருடத்துக்கு 15 நாள் சராசரி ஊதியம்தான். 42,000-ஐ வைத்துப் போட்டால் 4.41 லட்சம் அளவில் நிற்கும். ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி தொழிற்சாலை, சுரங்கம், தோட்டங்களுக்கு மட்டுமே, விமான நிறுவனங்களுக்கு அந்தக் கவசம் கிடையாது. அந்த நிலையில் கடிதத்தில் உள்ள 14.14 லட்சமே நல்ல தொகை. விண்ணப்பம் கொடுத்துவிட்டு மனம் மாறினால், நிர்வாகம் ஏற்கும் முன் எழுத்தில் திரும்பப் பெறுங்கள். 2000-ம் வருட வங்கி வி.ஆர்.எஸ். வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் அந்த உரிமையை ஏற்றது. ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டவர்களால் திரும்ப முடியவில்லை.

இனி அந்த 8 சதவீதம். எந்தத் தலைப்பில் உயர்வு என்பதே முதல் கேள்வி. பேசிக், டி.ஏ. இரண்டிலும் 8 சதவீதம் என்றால் மாதம் 3,360 ரூபாய். கிராஜுட்டி கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், கடந்துபோன 21 வருடத்துக்கும் சேர்த்து அதிலேயே 40,708 ரூபாய் கூடுகிறது. பி.எஃப்.பும் கூடும். “சிறப்புப் படி” என்ற பெயரில் கொடுத்தால் இவை எதுவும் கூடாது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டும் பகுதி ஊதியமாகக் கருதப்படும். பேசிக் 30 சதவீதமாக வைத்திருக்கும் கேபின் குழுவினருக்கு இது பெரிய லாபம். அண்ணனுக்கு ஏற்கெனவே பேசிக், டி.ஏ. 70 சதவீதம் என்பதால் இதில் மாற்றமில்லை. ஊதிய உயர்வு முன் தேதியிட்டு வருவதாக இருந்தால், வி.ஆர்.எஸ். எடுப்பவர்களுக்கும் அந்தப் புதிய பேசிக்கில்தான் கணக்கு என்று ஒரு வரி கேட்டு வாங்க வேண்டும்.

கையெழுத்து வாங்கும் நேரத்தில் உயர்வு வந்தது தற்செயலா என்று கேட்டிருக்கிறீர்கள். நோக்கத்தை என்னால் சொல்ல முடியாது. ஆனால் சங்கம் அமைக்கும் முக்கியமான கட்டத்தில், அந்த முயற்சியைக் குலைக்கும் நோக்கத்தோடு ஊதிய உயர்வு கொடுப்பது “நியாயமற்ற தொழில் நடைமுறை” என்று தொழில் தகராறு சட்டத்தின் ஐந்தாவது அட்டவணை பெயர் சொல்லியே பட்டியலிட்டது; தொழிலுறவுத் தொகுப்பிலும் அது இருக்கிறது. உயர்வை வாங்கிக்கொள்வதில் தவறில்லை. தேதிகளை மட்டும் குறித்து வையுங்கள்: முதல் கூட்டம் எப்போது, சர்க்குலர் எப்போது, யார் யாருக்கு மெமோ வந்தது.

அமெரிக்காவின் டெல்டா நிறுவனத்தில் இதை இருபது வருடத்துக்கும் மேலாகப் பார்க்கலாம். விமானப் பணிப்பெண்கள், பணியாளர்கள் சங்கம் வேண்டுமா என்று 2002, 2008, 2010-ல் வாக்கெடுப்பு நடந்தது, மூன்றிலும் சங்கம் தோற்றது. அங்கே வாக்கெடுப்பு கேட்கவே நாடு முழுவதும் உள்ள அந்தப் பிரிவு ஊழியரில் பாதிப் பேரின் கையெழுத்து அட்டை வேண்டும். அடுத்த முயற்சி நடந்துகொண்டிருந்த 2022-ல், பயணிகளை ஏற்றும் நேரத்துக்கும் பாதி விகிதத்தில் சம்பளம் என்று டெல்டா அறிவித்தது. அமெரிக்கப் பெரிய நிறுவனங்களில் அதுதான் முதல். ஊழியர்களுக்கு உண்மையான நன்மைதான். அதே டெல்டாவில் சங்கம் வைத்திருக்கும் விமானிகள் 2023 மார்ச்சில் நான்கு வருடத்துக்கு 34 சதவீத உயர்வை ஒப்பந்தமாகவே வாங்கினார்கள். ஒன்று அறிவிப்பு, மற்றது இரு தரப்பும் கையெழுத்திட்ட தாள். வித்தியாசம் தெரிவது நல்ல வருடத்தில் அல்ல, நஷ்ட வருடத்தில்.

நம் ஊரில் சங்கம் அமைக்கும் வழி இது. முதலில் பே ஸ்லிப்பில் முதலாளி பெயரைப் பாருங்கள். ஒரே கவுன்டரில் நிற்பவர்களில் பாதிப் பேர் விமான நிறுவனம், பாதிப் பேர் தரைப்பணி ஒப்பந்ததாரர் என்று இருக்கும். எண்ணிக்கை நிறுவனவாரியாகத்தான் போடப்படும். பதவிப் பெயரில் ஆபீசர், எக்ஸிகியூட்டிவ் என்று இருப்பது தடையில்லை. செய்யும் வேலை என்ன என்பதே கேள்வி. நிர்வாகப் பணியில் இருப்பவர்களும், மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000-க்கு மேல் வாங்குபவர்களும்தான் தொழிலாளர் வரையறைக்கு வெளியே போகிறார்கள். பதிவுக்கு ஏழு பேர் விண்ணப்பித்தால் போதும், ஆனால் உறுப்பினர்கள் மொத்தத் தொழிலாளரில் 10 சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ அது இருக்க வேண்டும். நான் 20 பேரையாவது விண்ணப்பதாரராகப் போடச் சொல்வேன். பதிவாகும் முன் சிலர் மனம் மாறுவார்கள், சிலர் வி.ஆர்.எஸ். எடுப்பார்கள், ஏழே பேர் இருந்து நான்கு பேர் விலகினால் விண்ணப்பம் கேள்விக்குறியாகிவிடும்.

கையெழுத்துத் தாள் உறுப்பினர் பட்டியல் ஆகாது. சேர்க்கை விண்ணப்பம், சந்தா ரசீது, உறுப்பினர் பதிவேடு மூன்றும் இருந்தால்தான் சரிபார்ப்பில் நிற்கும். பல சங்கங்கள் இருந்தால், வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளரில் 51 சதவீதம் பேரின் ஆதரவைப் பெறும் சங்கமே, நிர்வாகத்தோடு பேசும் உரிமை உள்ள பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் அது இல்லையென்றால் 20 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள சங்கங்கள் சேர்ந்த குழு. ஓய்வுபெற்ற ஊழியர்களைச் சட்டம் வெளியாள் என்று கருதுவதில்லை, அதனால் அண்ணன் வெளியே வந்தாலும் நிர்வாகிகளுக்கு உதவ முடியும்.

பதிவு மாநிலத் தொழிற்சங்கப் பதிவாளரிடம். தகராறு என்று வந்தால் இடம் மாறும்: விமானப் போக்குவரத்துக்கு மத்திய அரசுதான் உரிய அரசு. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள மாநிலத் தொழிலாளர் துறையில் மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து, பிறகு “இது எங்கள் வரம்பில் இல்லை” என்று திரும்பி வருபவர்கள் உண்டு. போக வேண்டியது மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் ஆணையர் அலுவலகம். 30 நாளில் கிராஜுட்டி வராவிட்டாலும், பல மாநிலங்களில் கிளை உள்ள நிறுவனம் என்பதால் அங்கேதான் விண்ணப்பம். டிக்கெட் பாஸ் போன்ற வழக்கமான சலுகையை நிறுத்த வேண்டுமானால் நிர்வாகம் 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். கொடுக்காமல் நிறுத்தினால் அதுவே முதல் மனுவாகலாம். பேச்சு முடிந்து ஒப்பந்தம் போடும்போது சமரச அதிகாரி முன்னிலையில் போடுங்கள். அப்படிப் போட்டது சங்கத்தில் இல்லாதவர்களையும் பின்னால் சேர்பவர்களையும் கட்டும். தனியாகப் போட்டது கையெழுத்திட்ட தரப்பை மட்டும் கட்டும்.

கடைசியாக ஒன்று. கோபத்தில் எல்லோரும் ஒரே நாளில் உடம்பு சரியில்லை என்று லீவு போடுவது விமானத் துறையில் பழைய பழக்கம். 2024 மே 7 இரவு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கேபின் குழுவினர் அப்படிச் செய்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாகின, 25 பேரை நீக்கினார்கள். இரண்டே நாளில் டெல்லியில் மத்தியத் தொழிலாளர் ஆணையர் முன்னால் பேசி அவர்களைத் திரும்ப எடுக்க வைத்தது, அங்கே ஏற்கெனவே பதிவான சங்கம் இருந்ததால்தான் அவ்வளவு வேகமாக நடந்தது. இப்போதைய தொழிலுறவுத் தொகுப்பின்படி 50 சதவீதமோ அதற்கு மேற்பட்டோரோ திட்டமிட்டு ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலே அது வேலைநிறுத்தம். 14 நாள் முன்னறிவிப்பு இல்லாவிட்டால் சட்டவிரோதம். சமரசப் பேச்சு நடக்கும்போதும் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் யாராவது “நாளைக்கு எல்லோரும் சிக் லீவ்” என்று போட்டால், அண்ணன் அதில் கட்டைவிரல்கூடப் போட வேண்டாம்.